எழுபத்துநாலாம் நம்பர் கேட்ட கேள்வி

தலை கீழே, இடுப்பு மேலே, இரண்டு கைகளும் பந்தில். அப்படித்தான் நான் குனிந்து நிற்கிறேன். பனியும் மழையும் கலந்து பெய்கிறது. செயற்கைப் புல்லுக்குள் தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் மணிகளில் சில என் மூக்குக்குள் குடியேறிவிட்டன. என் முகத்துக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில், இன்னொரு முகம். அதைச் சுற்றி ஹெல்மெட், முன்னால் கம்பி, கம்பிக்குள்ளிருந்து வெள்ளையாக மூச்சு.

எழுபத்துநாலாம் நம்பர். அன்று மதியத்திலிருந்து அவன் என்னைப் பன்னிரண்டு முறையாவது மல்லாக்க விழுத்தியிருப்பான்.

"மூண்டு" என்று நான் உரக்கக் கத்தினேன். அது எங்கள் அணியின் இரகசியச் சொல். ஏன், எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது எதிரே இருந்த கம்பிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோயில் வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது பக்கத்தில் நிற்கிறவர் கேட்பாரே, அதே நிதானம்.

"தம்பி, ஊரிலை எந்த இடம்?"

இந்தக் கேள்வியை நான் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், செத்த வீட்டில் கேட்டிருக்கிறேன், இங்கே ஓஸ்லோவில் வெஸ்ட்லி போகிற சுரங்க ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருக்கிறார். தலைகீழாக நிற்கும்போது யாரும் கேட்டதில்லை. ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே. வயதுக்கு மூத்தவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

"அச்சுவேலி" என்றேன்.

"நாங்கள் ஆவரங்கால்" என்று யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊரைச் சொன்னது குரல். மறுகணம் நான் பதின்மூன்றாவது முறையாக மல்லாக்கக் கிடந்தேன்.

சாமிப் படத்துக்குப் பக்கத்தில்

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஹவுகெட்டோ வீட்டைப் பற்றி எழுதியபோது, வரவேற்பறைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஐம்பத்தைந்து என்று எழுதிய சிவப்புச் சட்டை ஒன்று தொங்குவதாகப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அது யாருடையது, அதைப் போட்டுக்கொண்டு என்ன வென்றீர்கள் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.

சட்டை என்னுடையது. வென்றது ஒன்றுமில்லை. எட்டு ஆட்டம் ஆடினோம், எட்டிலும் தோற்றோம்.

சொல்ல வெட்கமாக இல்லையா என்றால், இல்லை. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் மேசைக்குக் கீழே தானாக ஆடுகிறது. அந்த இலையுதிர் காலம்போல் ஒரு காலத்தை நான் அதற்குப் பிறகு வாழவில்லை. கடைசித் தோல்விக்கு மறுநாள் சட்டையைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியவர் என் அப்பா. தோல்வியை ஒரு சதத்துக்கும் மதிக்காத மனிதர் அவர். அவர் அதை ஏன் மாட்டினார் என்பதுதான் இந்த வாரக் கதை.

பலாப்பழம்

நான் பெரிய உடம்புக்காரன். அம்மா அதைத் தேகவாகு என்பார். பள்ளிக்கூடத்தில் காற்பந்து ஆடும்போது என்னைக் கோலுக்குள்தான் நிறுத்துவார்கள். திறமைக்காக அல்ல, பாதிக் கோல் மூடப்படும் என்பதற்காக.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், ஒவ்வொரு சங்கமும் மேசை போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் சந்தையில் பலாப்பழத்தைப் பார்க்கிறமாதிரி என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். தட்டிப் பார்க்காததுதான் குறை. அவர் பெயர் தோர்ஸ்டைன். எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர். சின்ன வயதில் ஒரு வருடம் அமெரிக்காவில் படித்து, அங்கே மூன்று ஆட்டம் ஆடியவர். அந்த மூன்று ஆட்டத்தை வைத்துக்கொண்டு இருபது வருடமாகப் பயிற்சி கொடுத்துவந்தார்.

"உன்னைப்போல் ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார் நோர்வேஜிய மொழியில். அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அணியின் பெயர் மரங்கொத்திகள். வேலையும் அதுதான். தலையால் முட்டுவது.

ஹெல்மெட் போட்ட கிளித்தட்டு

தெரியாதவர்களுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு தவணை. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு தவணை. இப்படியே போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. பந்தைக் கம்பங்களுக்கிடையால் உதைத்தும் சில்லறைப் புள்ளி எடுக்கலாம். எதிரணி மறித்து விழுத்தும். ஒவ்வொரு தவணையும், நடுவில் குனிந்து நிற்கிறவன் தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னால் கொடுக்கும்போது தொடங்கும். அந்தக் குனிந்து நிற்கிறவன் நான்.

ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து புறப்படும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் அசையக் கூடாது. அசைந்தால் விசில் ஊதி, ஐந்து கஜம் பின்னால் அனுப்பிவிடுவார்கள். எதிரணிக்காரன் முந்திப் பாய்ந்தால் அவனுக்கும் அதே தண்டனை.

முதல் ஆட்டத்தின் காணொளியைக் கைத்தொலைபேசியில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் பேருந்து ஓட்டுபவர். வேலையால் வந்து, சீருடை ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதென்ன, நீ குனிஞ்சு நிக்கிறாய், உனக்குப் பின்னாலை ஒருத்தன் கையை வைச்சுக்கொண்டு நிக்கிறான்?"

"அவர்தான் ஐரிக், அப்பா. எங்கடை தலைவர். நான் அவருக்குத்தான் பந்து குடுக்கிறது."

"முன்னுக்கு நிண்டு குடுத்தால் என்ன?"

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "உது என்ன விளையாட்டப்பா?"

"ஹெல்மெட் போட்ட கிளித்தட்டு" என்றார் அப்பா. ஊரில் கோடு கீறி, ஆளை மறித்து ஆடும் ஆட்டம் அது. நான் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

"ஒருநாள் வந்து பாருங்கோவன்" என்றேன்.

"முதல் ஒருக்கா வெல்லுங்கோ. பிறகு வந்து பாக்கிறன்."

அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. அச்சுவேலியில் கரப்பந்து ஆடிய காலத்தில் தோற்ற நாள்களில் பின்வாசலால்தான் வீட்டுக்குள் போவாராம். தோற்கிறவனைப் பார்ப்பது அவனுக்குச் செய்கிற அவமரியாதை என்று உண்மையிலேயே நினைத்தார்.

தோற்பதிலும் வகை உண்டு

இரண்டாவது ஆட்டத்தில் சாதாரணமாகத் தோற்றோம். மூன்றாவதில், எங்கள் ஆள் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு அபாரமாக ஓடினான். திசைதான் பிழை. நாங்கள் பத்துப் பேரும் எங்கள் ஆளையே துரத்தி விழுத்தினோம். அன்று நாங்கள் செய்த ஒரே ஒழுங்கான மறிப்பு அதுதான்.

நாலாவது ஆட்டம் வெளியூரில். பரீட்சை வாரம், பதின்மூன்று பேர்தான் போனோம். மறிப்பதும் நாங்களே, ஓடுவதும் நாங்களே. திரும்பும் பேருந்தில் சீட்பெல்ட்டைப் பூட்டக் கை எழும்பாமல் ஒருவருக்கொருவர் பூட்டிவிட்டோம். ஆனால் அந்தப் பேருந்தில் எழுந்த சிரிப்பை நான் எந்த வெற்றி விழாவிலும் கேட்டதில்லை.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தோர்ஸ்டைன் எங்களைச் சுற்றி நிறுத்தி, தாடியைத் தடவி, "க்ரைத் நொக்" என்பார். பரவாயில்லை, போதும் என்று பொருள். ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும் க்ரைத் நொக். வீடு எரிந்தாலும் இந்த நாட்டில் சிலர் அதைத்தான் சொல்வார்கள்.

ஆறாவது தோல்விக்குப் பிறகுதான் சிரிப்பு நின்றது. மாணவர் விளையாட்டுக் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகப் பணிவான மின்னஞ்சல். இந்தப் பருவத்தில் ஒரு வெற்றியாவது இல்லாவிட்டால் அடுத்த வருடம் மரங்கொத்திகளுக்கு மைதானம் இல்லை, அந்த நேரம் தட்டு எறிந்து விளையாடுகிற ஃபிரிஸ்பி சங்கத்துக்குப் போகும்.

மைதானம் இல்லையென்றால் அணி இல்லை. ஓஸ்லோவில் குளிர்காலம் முடிந்து மைதானத்துக்கு நேரம் எடுப்பதைவிடச் சிவபெருமானிடம் வரம் எடுப்பது சுகம்.

ஃபிரிஸ்பிக்காரர்கள் நல்ல பிள்ளைகள். எங்கள் பயிற்சி முடிகிற நேரத்தில் ஓரமாக வந்து நிற்பார்கள். "அவசரமில்லை, ஆறுதலாக முடியுங்கள்" என்பார்கள். அதுதான் இன்னும் கொதியைக் கிளப்பியது.

இரண்டு ஆட்டம் மிச்சம். ஒன்றில் வெல்ல வேண்டும். எனக்கு அந்த அணி என்னவாக இருந்தது என்பதை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். வகுப்பறையில் நான் கடைசி வரிசை வாங்கு. தமிழ்க் கொண்டாட்டங்களில் கதிரை அடுக்குகிற உடம்பு. அந்த மைதானத்தில் மட்டும்தான் நான் அசைந்தால் எல்லாம் தொடங்கும்.

நாலு வரை எண்ணத் தெரிந்தால் போதும்

எங்கள் பெரிய வியாதி என்னவென்றால், பந்து எப்போது புறப்படும் என்பதை எங்கள் ஆள்களே மறந்துவிடுவார்கள். ஐரிக் "ஹட், ஹட், ஹட்" என்று கத்துவான். எத்தனையாவது ஹட்டில் பந்து என்று கூடி நின்று முன்கூட்டியே பேசிக்கொள்வோம். பேசி, நடந்து, வரிசையில் வந்து குனிவதற்குள் பாதிப் பேருக்கு மறந்துவிடும். யாராவது முந்தி அசைவார்கள். விசில். ஐந்து கஜம் பின்னால்.

"வரிசையில் நின்றபிறகு உரக்க ஞாபகப்படுத்த முடிந்தால் நன்றாக இருக்கும்" என்றார் தோர்ஸ்டைன். "ஆனால் எதிரணிக்கும் கேட்டுவிடுமே."

"தமிழில் சொன்னால்?" என்றேன் நான்.

எனக்கு இன்றும் அந்த நிமிடம் கண்ணுக்குள் நிற்கிறது. ஐரிக் என்னை அப்படியே கட்டிப்பிடித்தான். நாலு வரை எண்ணத் தெரிந்தால் போதும். இருபத்திரண்டு நோர்வேஜியர்களுக்கு உடைமாற்றும் அறையில் வகுப்பு எடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னைக் கண்டு பெருமூச்சு விட்ட ரீச்சர்மார் பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பு நடுவில் ஒரு கலகம். எங்கள் அணியில் கார்த்திக் என்று ஒருவன், சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நின்று பழகியதால், காற்றில் வருகிற எதையும் பிடிப்பான். அவன் எழுந்து நின்றான்.

"மச்சான், அது என்னடா மூண்டு? மூணு. கரெக்டா சொல்லிக் குடு."

"மூண்டு எண்டுதான் நாங்கள் சொல்லுறது."

"டீம்ல பாதி பேர் மூணு, பாதி பேர் மூண்டுன்னா எப்டிடா? கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க."

ஐரிக் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கத்தப்போகிறவன் எப்படிக் கத்துகிறானோ அதுவே சரி என்று தீர்ப்புச் சொன்னான். கார்த்திக் ஒரு கிழமைக்கு முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

ஏழாவது ஆட்டத்தில் நான் குனிந்து நின்று "ரெண்டு" என்று கத்தினேன். எதிரணிக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். எங்கள் பதினொரு பேரும் ஒரே மூச்சில் புறப்பட்டோம். முதல் முறையாக நான் ஒருவனை விழுத்தினேன், கார்த்திக் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தான். கடைசி ஐந்து நிமிடம் வரை நாங்கள் முன்னணியில் இருந்தோம். பிறகு மூச்சு விட்டுப்போய், மூன்று புள்ளியில் தோற்றோம்.

மூன்றே மூன்று புள்ளி. நாங்கள் தோற்ற மாதிரியே இருக்கவில்லை. ரயிலில் எல்லோரும் தமிழில் எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒரு நோர்வேஜியப் பாட்டி எங்களுக்குக் கைதட்டினார்.

கடைசி ஆட்டம் லில்லெஸ்ட்ரோம் பக்கத்திலிருந்து வருகிற அணியோடு, எங்கள் சொந்த மைதானத்தில். வெல்லப்போகிறோம் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் இரகசியத்தை உடைக்க நோர்வேயில் யாரால் முடியும்?

இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். ஓஸ்லோவில் தமிழ் இல்லாத இடமா? மருத்துவமனையில் இருக்கிறது, பலசரக்குக் கடையில் இருக்கிறது, வரி அலுவலகத்து வரிசையில் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. நானும் கார்த்திக்கும் மட்டும்தான் இந்த விளையாட்டை ஆடுகிற தமிழர்கள் என்று நம்பியிருந்தேன். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

அம்மாவின் ரோல்ஸ்

இங்கே எந்த விளையாட்டுச் சங்கமும் கூட்டுவேலையில்தான் ஓடும். கோடு போடுவது ஒருவர், கொடி கட்டுவது ஒருவர், மைதானத்து ஓரத்தில் மேசை போட்டு வாஃபிள் சுட்டு விற்பது பெற்றோர். எங்கள் மேசையில் வாஃபிளுக்குப் பக்கத்தில் அம்மாவின் ஆட்டிறைச்சி ரோல்ஸ் இருக்கும். சொந்த மைதானத்து ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறைய ரோல்ஸோடு வருவார். எதிரணிக்காரர் எங்களை விழுத்திவிட்டு வந்து எங்கள் ரோல்ஸையே தின்பார்கள்.

கடைசி ஆட்டத்து அன்று அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தட்டை மேசையில் இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இது எனக்குத் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன், எனக்குத் தெரியாது.

பொய்க் கணக்கு

இனி, மல்லாக்கக் கிடந்த இடத்திலிருந்து தொடர்கிறேன்.

வானத்தைப் பார்த்தபடி கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் "ஒண்டு" என்றபோது அவன் ஒன்றில் பாய்ந்தான். "நாலு" என்றபோது நாலு வரை பொறுமையாகக் காத்திருந்தான். ஆட்டத்தின் முக்கால்வாசியையும் வாயை மூடிக்கொண்டே ஓட்டிவிட்டான். பாவம், ஊர் கேட்காமல் அதற்குமேல் தாக்குப்பிடிக்க அவனால் முடியவில்லை.

கூடி நின்றபோது மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "எழுபத்துநாலு தமிழன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார்த்திக் தலையில் கை வைத்தான். ஐரிக் மட்டும் மெல்லச் சிரிக்கத் தொடங்கினான். "அப்படியானால் இனி நீ பொய் சொல்" என்றான். உண்மைக் கணக்கைக் கூடி நின்றபோதே எல்லோரும் மூன்று முறை சொல்லிக்கொண்டு போனோம்.

அடுத்த தவணை. "நாலு" என்று கத்தினேன். முதல் ஹட்டிலேயே பந்தைக் கொடுத்துவிட்டேன். எழுபத்துநாலு இன்னும் எண்ணிக்கொண்டு நின்றான். அவனை நெஞ்சில் முட்டித் தள்ளிக்கொண்டு எட்டு கஜம் போனேன். அதற்கடுத்த தவணை "ஒண்டு" என்று கத்திவிட்டு அசையாமல் நின்றேன். அவன் முதல் ஹட்டில் பாய்ந்து என் தலைக்கு மேலால் விழுந்தான். விசில் அவனுக்கு. ஐந்து கஜம் எங்களுக்கு.

எழும்பும்போது கம்பிக்குள்ளால் என்னைப் பார்த்து, "அடேய் கள்ளா" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

மரங்கொத்திகள் முன்னேறினோம். பத்து கஜம், இன்னும் பத்து கஜம். தோர்ஸ்டைன் ஓரத்தில் எங்களோடு சேர்ந்து ஓடினார். ஃபிரிஸ்பிக்காரர்கள் எங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், தங்கள் மைதானம் போகிறதே என்பதையும் மறந்து. எதிரணி பதினாலு, நாங்கள் பத்து. கோட்டுக்கு இரண்டே கஜம். நாலு விநாடி மிச்சம், ஐரிக் கேட்ட இடைவேளையால் கடிகாரம் நின்றிருந்தது. ஒரு தவணை. கோட்டைத் தாண்டினால் அணி பிழைக்கும்.

"இம்முறை உண்மையைச் சொல்" என்றான் ஐரிக். "அவன் நம்ப மாட்டான்."

குனிந்தேன். கை பந்தில். வாய்க்குள் இரத்தமும் ரப்பரும். "ஒண்டு" என்று கத்தினேன்.

எதிரே இருந்த குரல் மெதுவாக, அன்பாக, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னது. "தம்பி, உன்ரை அப்பா அங்கை நிக்கிறார், பாத்தியே?"

நான் தலையை நிமிர்த்தினேன்.

கோட்டுக்குப் பின்னால், வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நீலச் சீருடை ஜாக்கெட்டில் அப்பா நின்றார். கமக்கட்டுக்குள் வெறும் அலுமினியத் தட்டு. தலையில் தொப்பி இல்லை, மயிரெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது.

கையில் பந்து அசைந்ததை நான் உணரக்கூட இல்லை. விசில்தான் கேட்டது.

ஒரு சாண்

இரண்டு கஜம் ஏழு கஜமானது. கடைசித் தவணையில் நான் எழுபத்துநாலை நேராக முட்டி, அந்த நாளில் முதல் முறையாக மல்லாக்க விழுத்தினேன். ஐரிக் எறிந்தான், கார்த்திக் பிடித்தான், மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். நடுவர் ஆள்களை ஒவ்வொருவராக உரித்து எடுத்தபோது பந்து கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் கிடந்தது.

எல்லாம் முடிந்தது. தோர்ஸ்டைன் எங்களைச் சுற்றி நிறுத்தினார், தாடியைத் தடவினார், வாயைத் திறந்தார். க்ரைத் நொக் வரவில்லை. அவர் அழுதுவிட்டார், நாங்களும் அழுதோம். என்மேல் யாரும் ஒரு வார்த்தை பழி போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நேரே எழுபத்துநாலிடம் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு, தாடி, சிவந்த மூக்கு. பெயர் ரஜீவன், பிறந்து வளர்ந்தது வெஸ்ட்லி. ஆவரங்காலை அவர் பார்த்ததே இரண்டு முறைதானாம்.

"வேணுமெண்டே சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"சத்தியமாய் இல்லையடா. அந்தக் கடைசி இடைவேளைக்குத் தண்ணி குடிக்க ஹெல்மெட்டைக் கழட்டினனான். என்ரை முகத்தைக் கண்டிட்டு அவர் கூப்பிட்டவர். அம்பத்தஞ்சு என்ரை மகன், நான் வந்தது அவனுக்குத் தெரியாது எண்டவர். உனக்குச் சந்தோஷமாயிருக்கும் எண்டு சொன்னன்." கொஞ்சம் யோசித்தார். "நேரம்தான் பிழைச்சுப் போச்சு."

நான் அவரை நம்பினேன். கோபம் போகவில்லை, ஆனால் நம்பினேன். எங்கள் ஆள்கள் அப்படித்தான். நல்ல செய்தியை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாது.

வீட்டுக்குப் போகும் வழி

அப்பா காருக்குப் பக்கத்தில் நின்றார். நான் கிட்டப் போனதும் முந்திக்கொண்டார்.

"நான் விளையாட்டுப் பாக்க வரேல்லை. ரோல்ஸ் தரத்தான் வந்தனான்."

"எத்தனை மணிக்கு வந்தனீங்கள்?"

"தொடங்கேக்குள்ளை."

ரோல்ஸ் தர இரண்டரை மணி நேரம். நான் காரில் ஏறினேன். கார் சுரங்கப் பாதைக்குள் போய் வெளியே வந்தது. ஹீட்டர் சூட்டில் என் உடுப்பிலிருந்து ஆவி எழும்பிக் கண்ணாடியை மூடியது. அப்பா கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

"அந்தக் கடைசி முறை, நீ தலையை நிமித்தினது பிழைதானே?"

"ஓம்."

"என்னைப் பாத்தே நிமித்தினனீ?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்று மதியம் முழுக்கப் பொய் எண்ணித்தான் பழகியிருந்தேன்.

"ஓம், அப்பா."

அவர் தெளிந்துவிட்ட கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார். அவர் பின்வாசலால் வீட்டுக்குள் போன நாள்களில் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன். ஹவுகெட்டோ நிலையத்துக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்காம்" என்றார்.

"என்னது?"

"பயிற்சி. லில்லெஸ்ட்ரோமிலை. மாட்ச் முடிய அந்த ரஜீவனைக் கேட்டனான். அவையளுக்கும் ஆள் காணாதாம். நீ, அந்த ஐரிக், அந்தச் சென்னைப் பெடியன், எத்தனை பேர் வந்தாலும் எடுப்பினமாம். பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"நாங்கள் இன்னும் ஒருக்காவும் வெல்லேல்லையே அப்பா" என்றேன்.

விளக்குப் பச்சைக்கு மாறியது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை அப்பா காரை எடுக்கவில்லை.

"அதுக்கென்ன" என்றார். "இனி ரோல்ஸ் நான்தான் கொண்டுவாறது எண்டு சொல்லிப்போட்டன்."